முஸ்லிம் பெண்ணும் நமது திரைகளும்

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரைக்கும் ஒருவர் பஸ் மாறிப் பயணஞ் செய்வாராயின், புறக்கோட்டை, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி என்று கொழும்பு மாநகரின் முக்கால்வாசியையும் கடந்துவிடுகிறார். அவ்வழியிலே அவர் முஸ்லிம் பெண்கள் பலரைக் காண்கிறார். பிள்ளையைக் கையிற் பிடித்துப் பாடசாலைக்கு அழைத்துச் செல்பவள். வைத்தியசாலையில் துண்டு எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பவள். வங்கியிலே காசு எண்ணுபவள். சட்டப் புத்தகஞ் சுமப்பவள். புறக்கோட்டைத் துணிக்கடையிலே முழத்துக்கு ஐந்து ரூபா குறைக்கும்படி மன்றாடுபவள். காண்கிறார் என்று எழுதிவிட்டோம். உண்மையிலே அவர் காண்பது இவர்களையா? அல்லது இவர்கள் எதிர்ப்படுவதற்கு நெடுங்காலம் முன்னதாகவே அவருடைய மனத்திலே வரைந்து மாட்டப்பட்டுவிட்ட ஒரு படத்தையா?

இந்தக் கேள்வியை நமது வகுப்பிலே ஒருநாள் வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தோம். 'முஸ்லிம் பெண்' என்ற சொல்லைக் கேட்டதும் மனத்தில் எழுவதை ஒரு வரியில் எழுதுமாறு மேல்வகுப்பு மாணவரிடம் சொன்னோம். பெரும்பாலோர் ஓர் உடையைப் பற்றி எழுதினர். சிலர் சமையலைப் பற்றி எழுதினர். ஒரு மனிதரைப் பற்றி எழுதியவர் இருவரே; அவ்விருவரும் முஸ்லிம் அயல்வீட்டாரோடு வளர்ந்தவர்கள். மாணவரைக் குறை கூற நாம் இதனை இங்கு எடுத்துரைக்கவில்லை. அன்று மாலை ஆசிரியர் அறையிலே அதே கேள்வியைக் கேட்டபோது கிடைத்த விடைகளும் அவற்றைவிட மேலானவையாக இருக்கவில்லை. ஆகவே அந்தப் படத்தை யார் வரைந்தார், எப்போது வரைந்தார், எவர் நலங் கருதி வரைந்தார் என்று வரலாற்றிலே தேடிப் பார்ப்பது நம்மைப் போன்றோரின் கடமையாகிறது.

*

அந்நியர் ஆட்சிக் காலத்திலே கொழும்புப் புகைப்பட நிலையங்கள் கப்பற் பிரயாணிகளுக்கென்று அச்சிட்டு விற்ற அஞ்சலட்டைகள் இன்றும் பழம்பொருட் கடைகளில் கிடைக்கின்றன. தேயிலை கொய்யும் தமிழ்ப் பெண், கண்டிப் பிரபு வீட்டுச் சீமாட்டி, மேலாடையற்ற றொடியப் பெண் என்று அவ்வட்டைகளிலே இந்நாட்டுப் பெண்ணுடல் வகைவகையாக விலைபோயிற்று. சோனகர் என்ற தலைப்பின் கீழ் நாம் பார்த்த அட்டைகளிலோ உயர்ந்த தொப்பி அணிந்த ஆடவரே நின்றனர். இரத்தினக்கல் வியாபாரி, தட்டுமுட்டு வியாபாரி, தையற்காரர். சோனகப் பெண் அங்கே இல்லை. படம்பிடிப்பவனுக்கு அவள் அகப்படவில்லை. அகப்படாதவளைப் பற்றி ஆள்பவனுக்கு ஆத்திரமும் உண்டு, ஆவலும் உண்டு. இவ்விரண்டிலிருந்துமே பின்னைய படங்களெல்லாம் பிறந்தன எனலாம்.

இதற்கு உலக வரலாற்றிலே ஓர் அருமையான எடுத்துக்காட்டு உண்டு. அதன் ஒரு நுனி நமது கொழும்புத் துறைமுகத்திலே கட்டப்பட்டிருக்கிறது. 1882 ஆம் ஆண்டு எகிப்திலே அந்நிய ஆதிக்கத்துக்கு எதிராக எழுந்த ஒராபி பாஷாவின் படை தெல் எல் கபீர்ப் போரிலே பிரித்தானியரிடம் தோற்றது. சிறைப்பட்ட ஒராபியும் தோழர்களும் 1883 ஜனவரியிலே இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டனர். அதே 1883 இலே எகிப்தை ஆளச் சென்றவர் பின்னாளிலே குரோமர் பிரபு எனப்பட்ட எவெலின் பேறிங். ஏறக்குறைய கால் நூற்றாண்டு காலம் அந்நாட்டை ஆட்டிப் படைத்த இப்பெருமகன், எகிப்தின் பின்தங்கிய நிலைக்கெல்லாம் காரணம் இஸ்லாம் பெண்ணை நடத்தும் முறையே என்றும், முகத்திரை நாகரிகத்தின் எதிரி என்றும் நூலெழுதினார். கேட்பதற்கு முற்போக்காகத்தான் இருக்கிறது. ஆனால் இவரது ஆட்சியிலேதான் அரசாங்கப் பாடசாலைகளிலே கட்டணம் உயர்த்தப்பட்டுப் பெண் கல்விக்கு வழி குறுகியது. இங்கிலாந்துக்குத் திரும்பிய பின்பு இவர் தலைமை தாங்கியது எதற்குத் தெரியுமா? மகளிர்க்கு வாக்குரிமை வழங்கலாகாது என்று போராடிய ஆடவர் கழகத்துக்கு! கெய்ரோவிலே பெண் விடுதலை பேசியவர் லண்டனிலே பெண்ணின் வாக்கைத் தடுக்க நின்றார். முகத்திரையைப் பற்றிய கவலை எல்லாச் சமயங்களிலும் பெண்ணைப் பற்றிய கவலை அன்று என்பதனை இதனைவிடத் தெளிவாக எவரும் விளக்க முடியாது.

மறு நுனியைப் பார்ப்போம். தோற்றுப்போன ஒராபி கொழும்பிலும் கண்டியிலுமாக 1901 வரை வாழ்ந்தார். அவர் கரையிறங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு, 1882 டிசம்பரிலே, கண்டி வழக்கறிஞர் அறிஞர் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' என்ற வார இதழைத் தொடங்கியிருந்தார். தமிழிலும், அரபெழுத்திலே எழுதப்படும் அரபுத்தமிழிலும் அச்சான அவ்விதழ் முஸ்லிம்களிடையே நவீன கல்வியின் அவசியத்தை விடாது எடுத்துரைத்தது. ஒராபியின் ஆதரவு அவ்வியக்கத்துக்கு ஊக்கமளித்தது. 1892 இலே மருதானையில் ஸாஹிறா தோன்றியதற்கு அவ்வூக்கமும் ஒரு காரணம். 1885 இலே சித்திலெப்பை எழுதிய 'அசன்பே சரித்திரம்' என்ற கதை மிசிறு தேசத்திலே தொடங்குவதும் தற்செயலன்று. ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கமாக நமது பட்டப்படிப்பிலே நாம் அதனைப் படித்தோம். ஆனால் அதனை எழுதியவர் பெண் கல்விக்காகவும் வாதாடியவர் என்பதையும், கண்டியிலே முஸ்லிம் சிறுமியர்க்கு ஒரு பாடசாலை அமைத்து அங்கே தமது சகோதரியையே கற்பிக்க வைத்தவர் என்பதையும் யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. குரோமர் கல்வியைக் குறைத்துத் திரையைப் பழித்தார். சித்திலெப்பையோ திரையைப் பற்றி அலட்டிக்கொள்ளாது எழுத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். நூல்களில் நிலைத்தது முன்னவரின் குரல்.

திரை என்ற சொல்லை நாம் ஓயாமற் பயன்படுத்துகிறோம். ஆனால் எல்லா முஸ்லிம் பெண்களுக்குந்தான் திரை இருந்ததா? கொழும்பு வர்த்தகர் வீட்டுப் பெண் திரைபோட்ட வண்டியிலே சென்றாள் என்றால், வண்டியும் திரையும் வாங்க அவ்வீட்டிலே பணம் இருந்தது என்று பொருள். மருதமுனையிலே தறியோடு வாழ்ந்த நெசவாளக் குடும்பத்துப் பெண்ணுக்கும், வயலுக்குச் சோறு சுமந்தவளுக்கும், பாய் இழைத்து விற்றவளுக்கும் அவ்வாடம்பரம் கிட்டவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து முக்காடிட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தனர். இன்னொன்றும் உண்டு. கீழ்க்கரையிலே, அக்கரைப்பற்று, சம்மாந்துறை, காத்தான்குடி முதலிய ஊர்களிலே, அயலிலுள்ள தமிழரைப் போலவே முஸ்லிம்களும் தாய்வழிக் குடி முறையைப் பேணியவர்கள். வீடு மகளுக்குரியது. மணமகன்தான் மனைவி வீட்டுக்குக் குடிபோகிறான். குடியின் பெயர் தாய் வழியே இறங்குகிறது. பள்ளிவாசல் மரைக்கார் பதவியுங்கூட அக்குடி முறையைத் தழுவியே அமைந்திருந்தது. அடிமைப்பட்டு மூலையிலே முடங்கிக் கிடப்பவள் என்று படம் வரைவோர், வீட்டு உறுதி எவள் பேரில் எழுதப்பட்டிருந்தது என்று ஒருமுறை விசாரிக்கலாம். சீதனம் என்னும் சுமை அதன் மறுபக்கம் என்பதையும் நாம் மறைக்கவில்லை. மகளுக்கு வீடு கட்டுவதற்காகத் தேய்ந்து போன தகப்பன்மார் இரு சமூகங்களிலும் உண்டு.

மலாய் மாதர் வேறு, மேமன் மாதர் வேறு, போரா மாதர் வேறு. அவர்தம் உடையும் வேறு, வீட்டு மொழியும் வேறு. எல்லாரையும் ஒரே துணியாற் போர்த்தி ஒரே பெயர் சொல்லி அழைப்பது நமது சோம்பலின் விளைவு.

*

அஞ்சலட்டைக்குப் பின் வந்தது சினிமா. நமது மக்களுள் பெரும்பாலோர் நூல் வாசிக்கவில்லை, படம் பார்த்தனர். கொட்டாஞ்சேனை செல்லமஹாலும் வெள்ளவத்தை சவோயும் கொழும்பாருக்குக் கற்பித்ததிலே பத்திலொரு பங்கையேனும் நமது பாடசாலைகள் கற்பித்தனவா என்பது ஐயமே.

ஐம்பதுகளிலே தமிழ்ச் சினிமா அராபிய இரவுக் கதைகளிலே மோகங் கொண்டிருந்தது. 1955 இல் 'குலேபகாவலி', 1956 இல் மொடேர்ன் தியேட்டர்ஸார் வண்ணத்திலே எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1960 இல் 'பாக்தாத் திருடன்'. இவற்றுள் அலிபாபாவிலே பானுமதி ஏற்ற மார்ஜியானா பாத்திரத்தை எண்ணிப் பார்ப்போம். அடிமைப் பெண்; ஆடுகிறாள், பாடுகிறாள்; மதியூகி; திருடர்களின் சூழ்ச்சியை முறியடிப்பவளும் அவளே. நம்மைக் கேட்டால், பிற்காலத்துக் கதாநாயகிகள் பலரைவிட அவளுக்கு மூளையும் முதுகெலும்பும் இருந்தன என்போம். பானுமதியின் மிடுக்கும் அதற்கு ஒரு காரணம். ஆயினும் மெல்லிய வலைத்துணிக்குப் பின்னே முகங்காட்டும் அப்பெண் பாக்தாத்திலே வாழ்பவளும் அல்லள், புதுக்கடையிலே வாழ்பவளும் அல்லள். படமாளிகையை விட்டு வெளிவரும் இரசிகன் அடுத்த தெருவிலே நடந்து போகும் முக்காட்டுப் பெண்ணை அவளோடு பொருத்திப் பார்க்க எவ்வழியும் இல்லை. திரையிலே முஸ்லிம் பெண் மந்திரக் கம்பளத்திலே பறந்தாள். தெருவிலே பூச்சட்டி விற்றவளை யாரும் கவனிக்கவில்லை.

1961 இலே பீம்சிங்கின் 'பாவ மன்னிப்பு' வெளிவந்தது. முஸ்லிம் பெரியவர் ஒருவரால் வளர்க்கப்பட்ட ரஹீமாகச் சிவாஜி கணேசன் தோன்றினார். மத நல்லிணக்கத்துக்கு அப்படம் ஆற்றிய தொண்டை நாம் மறுக்கவில்லை. அந்நாளைய இளைஞர் மீது அதற்கிருந்த செல்வாக்குப் பெரிது. ஆயின் ரஹீம் காதலித்தது மேரியை. நல்ல முஸ்லிம் ஆடவனுக்குத் தமிழ்ச் சினிமாவிலே ஓர் ஆசனம் கிடைத்தது. முஸ்லிம் நாயகிக்கு அப்போதும் கிடைக்கவில்லை. இந்திப் படவுலகிலோ வேறு கதை. 'சௌத்வீன் கா சாந்த்' (1960), 'மேரே மெஹபூப்' (1963) முதலாகப் 'பாகீஸா' (1972), 'உம்ராவ் ஜான்' (1981) வரைக்கும் லக்னோ மாளிகைகளின் மங்கையரும் கணிகையரும் வந்தனர். எல்லோரும் கஸல் பாடினர். எவரும் சோற்றுக்கு உலை வைக்கவில்லை.

1995 இல் மணிரத்தினத்தின் 'பம்பாய்' வந்தது. அப்படத்தின் நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. கலவரங் கண்டு மனம் பதறிய ஒருவர் எடுத்த படம். ஆனால் கதாநாயகன் ஷைலாபானுவை முதன்முதல் காணும் காட்சியை நினைவுகூர்வோம். காற்று வீசுகிறது, முகத்திரை விலகுகிறது, அவன் மெய்மறந்து நிற்கிறான். அத்திரையை விலக்கியது காற்றல்ல, கமெரா. படமாளிகையில் அமர்ந்திருக்கும் நம்மெல்லோருடைய கண்ணுக்காகவும் அது விலக்கப்பட்டது. மனத்தளவிலே இது அஞ்சலட்டைக்காரனின் பழைய ஆசைதான். அல்ஜீரியாவிலே 1958 மே மாதத்தில் பிரெஞ்சுக்காரர் பொது இடத்திலே மேடைபோட்டு முஸ்லிம் பெண்களின் முகத்திரையை அகற்றும் வைபவம் நடத்தினர். அடுத்த ஆண்டிலே அதனைப் பற்றி ஆராய்ந்தெழுதிய பிரான்ஸ் ஃபனோன், ஆள்பவன் அவிழ்க்க விழைவது துணியை மட்டுமன்று, எதிர்த்து நிற்கும் ஒரு சமூகத்தின் மனத்தை என்று காட்டினார். இடதுசாரி நண்பர்கள் அக்கட்டுரையைத் தேடிப் படிப்பது நல்லது. பம்பாய்ப் படத்தைப் பார்த்த பின்பு இன்னொரு முறை படிப்பது இன்னும் நல்லது.

*

இவ்வளவு படங்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்திலே கொழும்பிலே உண்மையான முஸ்லிம் பெண்கள் என்ன செய்துகொண்டிருந்தனர்?

1931 இலே இந்நாட்டு ஆண் பெண் அனைவர்க்கும் வாக்குரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டிலே கொட்டாஞ்சேனையை உள்ளடக்கிய கொழும்பு வடக்குத் தொகுதியிலிருந்து நேசம் சரவணமுத்து என்னும் தமிழ்ப் பெண்மணி அரசாங்க சபைக்குத் தெரிவானார். நம்மவர் இதனை அடிக்கடி பெருமையோடு கூறுவர், கூறத்தக்கதே. ஆனால் அதே நகரிலே சற்றுப் பின்னர் நிகழ்ந்த மற்றொன்றை நம்மவர் கூறக் கேட்டதில்லை. மலையாளக் கரையிலே தலைச்சேரியிற் பிறந்து சென்னை குவீன் மேரிஸ் கல்லூரியிலே கற்ற ஆயிஷா றவூப், திருமணமாகி இலங்கைக்கு வந்தார். 1946 இலே கொழும்பிலே தொடங்கப்பட்ட முஸ்லிம் மகளிர் கல்லூரியின் முதல் அதிபரானார். கல்லூரியை நடத்திக்கொண்டே மாநகரசபைத் தேர்தலிற் போட்டியிட்டு உறுப்பினரானார். ஐம்பதுகளின் தொடக்கத்திலே கொழும்பின் துணை மேயராகவும் விளங்கினார். ஒரு முஸ்லிம் பெண் மேடையேறி வாக்குக் கேட்கலாமா என்று முணுமுணுத்தவர் அவருடைய சமூகத்திலும் இருந்தனர். அவர் கேட்டார்; மக்கள் கொடுத்தனர். செல்லமஹாலிலே மார்ஜியானா ஆடுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே கொழும்பு நகர மண்டபத்திலே ஒரு முஸ்லிம் பெண் சபை நடவடிக்கைகளிலே பங்கெடுத்துவிட்டார் என்பது நமது மாணவர் ஒருவருக்கேனும் தெரியுமா? நமக்கே முப்பது வயதுக்குப் பின்னர்தான் தெரியவந்தது.

இன்னுமொரு துறை உண்டு. அதிலே முஸ்லிம் பெண்ணின் முகம் தேவைப்படவில்லை; ஆகவே அவளுடைய குரல் வெளிவந்தது. இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையையே குறிப்பிடுகிறோம். 'மாதர் மஜ்லிஸ்' என்ற நிகழ்ச்சியை நம்மிற் பலர் சிறு வயதிலே அயல்வீட்டு வானொலியிலிருந்து அரைகுறையாகக் கேட்டிருப்போம். கவிதை, சிறுகதை, உரைச்சித்திரம், சமையற் குறிப்பு, நாடகம் என்று அதற்குப் பிரதி எழுதியனுப்பி எழுத்துலகில் நுழைந்த பெண்கள் பலர். சிற்றூர் ஒன்றின் அடுக்களையிலே எழுதப்பட்ட நாலு பக்கம் தபாலிலே கொழும்புக்குச் சென்று, ஒலியாகித் திரும்பவும் அதே அடுக்களைக்கு வந்தது. ஊரிலே எவரும் எழுதியவளின் முகத்தைக் கேட்கவில்லை. பெயரைக் கேட்டனர். சினிமாவின் வரலாற்றை எழுதுவோர் பலர் உளர். இந்நிகழ்ச்சியின் வரலாற்றை ஒழுங்காக எழுதுவோர் முன்வரவேண்டும். எழுதப்படாமற் போனால், நமது நாட்டு முஸ்லிம் பெண்ணின் பொதுவாழ்வு 2019 இலே குண்டு வெடித்த நாளிலேதான் தொடங்கியது என்று நமது பிள்ளைகள் நம்புவார்கள்.

நாகூரிலே மூன்றாம் வகுப்போடு வீட்டிலே இருத்தப்பட்ட சித்தி ஜுனைதா பேகம் 1938 இலே 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்டார் என்பதும், அதற்கு அணிந்துரை வழங்கியவர் உ. வே. சாமிநாதையர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கன. அதற்கும் முன்னர், 1905 இலே, வங்காளத்து றொக்கையா பேகம் ஆடவரை வீட்டுக்குள் அடைத்துவிட்டுப் பெண்கள் நாடாளும் 'சுல்தானாவின் கனவு' என்ற வேடிக்கைக் கதையை எழுதினார். அக்கதை முதலில் அச்சேறியது சென்னையிலிருந்து வெளிவந்த மகளிர் இதழிலேதான். திரைக்குப் பின்னிருந்தவள் ஊமையாக இருந்தாள் என்று சொன்னவர் யார்?

*

எழுபதுகளின் பிற்பகுதியிலே பொருளாதாரக் கதவுகள் திறந்துவிடப்பட்டபோது ஏழை வீட்டுப் பெண்ணுக்குத் திறந்த கதவு மத்திய கிழக்கு விமானத்தின் கதவுதான். எல்லாச் சமூகத்துப் பெண்களும் சென்றனர். கிழக்கிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் முஸ்லிம் பெண்கள் பெருந்தொகையாகச் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணத்திலே ஓட்டு வீடுகள் எழுந்தன. நாட்டின் அந்நியச் செலாவணி பெருகியது. அவர்களோடு அபாயாவும் வந்தது. சேலைத் தலைப்பு முக்காடு மெல்ல மறைந்து கறுப்பு அங்கி பரவியதற்கு மார்க்க இயக்கங்களின் பிரசாரம் ஒரு காரணமாயின், இந்த உழைப்பு ஏற்றுமதி மற்றொரு காரணம். உடையைப் பற்றி வாய்கிழியப் பேசும் பத்திரிகைகள் இந்த இரண்டாவது காரணத்தை ஏன் தொடுவதில்லை? தொட்டால், பெண்ணை ஏற்றுமதிப் பண்டமாக்கிய அரசாங்கங்களைப் பற்றியும் பேச வேண்டிவரும்.

மூதூர் ரிஸானா நபீக்கின் கதை அனைவரும் அறிந்ததே. வயதை ஏற்றி எழுதிய கடவுச்சீட்டோடு 2005 இலே சவூதிக்குச் சென்ற ஏழைச் சிறுமி. பாலூட்டும்போது குழந்தை இறந்ததற்காகக் கொலைக்குற்றஞ் சாட்டப்பட்டாள். 2013 ஜனவரி 9 ஆந் திகதி தலை துண்டிக்கப்பட்டது. அவ்வேளை பத்திரிகைகள் கண்ணீர் வடித்தன. அதே ஆண்டிலேதான் பொதுபல சேனாவின் ஹலால் எதிர்ப்பும் அபாயா எதிர்ப்பும் வீதிக்கு வந்தன. தலையிழந்த பணிப்பெண்ணுக்காக உருகிய அதே ஏடுகள், தலைமூடிய பெண்ணைக் கண்டு நடுங்குமாறு நாட்டை அழைத்தன. இரக்கத்துக்குரியவள், அல்லாவிடின் அச்சத்துக்குரியவள். இவ்விரண்டுக்கும் இடையிலே ஒரு பிரசையாக நிற்க அவளுக்கு இடம் விடப்படவில்லை.

அச்சத்தின் வடிவம் நாளுக்கு நாள் மாறியது. அவள் பிள்ளை பெற்றே நாட்டைப் பிடித்துவிடுவாள் என்றனர். 2018 இலே அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் கொத்துரொட்டியிலே மலட்டு மாத்திரை கலந்திருப்பதாக வதந்தி கிளம்பிக் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. 2019 மே மாதத்திலே ஒரு சிங்கள நாளேடு, முஸ்லிம் வைத்தியர் ஒருவர் நாலாயிரம் சிங்களத் தாய்மாரை மலடாக்கினார் என்று முதற்பக்கத்திலே கொட்டை எழுத்திற் போட்டது. இக்கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். பேச்செல்லாம் ஆடவரைப் பற்றியது போலத் தோன்றினும் நடுவிலே கிடப்பது பெண்ணின் கருப்பை. சிங்களப் பெண்ணின் கருப்பைக்கு ஆபத்து, முஸ்லிம் பெண்ணின் கருப்பையால் ஆபத்து.

*

இதுவரை எழுதியதெல்லாம் பிறரைப் பற்றியது. எழுதுவதற்கு இலகு. இனி நம்மைப் பற்றி.

1983 ஜூலையிலே வெள்ளவத்தையில் தமிழ்ப் பெண்கள் என்ன செய்தனர் என்பதை நமது தாய்மார் சொல்லிக் கேட்டே நாம் வளர்ந்தோம். நெற்றிப் பொட்டை அழித்தனர். தாலிக்கொடியைச் சட்டைக்குள்ளே மறைத்தனர். பஸ்ஸிலே ஏறினால் வாய் திறவாதிருந்தனர். திறந்தால் மொழி காட்டிக்கொடுத்துவிடும். 1958 ஐ அனுபவித்த பாட்டிமாருக்கு அவ்வித்தை ஏற்கெனவே தெரிந்திருந்தது. உடலிலே உள்ள ஓர் அடையாளம் உயிருக்கு உலைவைக்கும் என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்?

அதன் பின் ஏழாண்டு கழிந்து, 1990 ஒக்டோபர் 30 ஆந் திகதி, யாழ்ப்பாணத்துச் சோனகத்தெரு முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். வடக்கு முழுவதிலுமிருந்து துரத்தப்பட்டவர் ஏறக்குறைய எழுபத்தையாயிரம் பேர். பெண்களின் காதிலே கிடந்த தோடும் கழற்றி வாங்கப்பட்டது. ஒஸ்மானியாவும் கதீஜாவும் வெறிச்சோடின. புத்தளத்து ஓலைக் கொட்டில்களிலே அப்பெண்கள் வாழ்ந்த ஆண்டுகளைப் பற்றி நமது தமிழ்ச் சஞ்சிகைகள் எத்தனை பக்கம் ஒதுக்கின? விரல்விட்டு எண்ணலாம் என்று எழுதவும் நமக்குக் கூச்சமாயிருக்கிறது.

2019 ஏப்ரல் 21 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலே குண்டு வெடித்தது. நாடெங்கும் இருநூற்றறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்தோனியார் கோயிலிலே மாண்டவருட் பலர் கொட்டாஞ்சேனைப் பகுதித் தமிழர். நமது மாணவரின் உறவினரும் அவருள் உண்டு. துக்கம் நம்முடையது. கோபமும் நம்முடையதாயிருந்தது. ஏப்ரல் 29 ஆந் திகதி அவசரகால விதியின் கீழ் முகத்தை முற்றாக மறைக்கும் உடை தடைசெய்யப்பட்டது. விதியிலே குறிக்கப்பட்டது முகம். வீதியிலே வதைக்கப்பட்டதோ தலையை மட்டும் மூடியவள், அபாயா அணிந்தவள், சேலைத் தலைப்பை இழுத்துவிட்டவள் எல்லோருமே. வைத்தியசாலை வாசலிலும் அலுவலக வாசலிலும் அவர்கள் தடுக்கப்பட்டனர். மே மாத இறுதியிலே அரசாங்க அலுவலகப் பெண்கள் சேலையோ ஒசரியோதான் அணியவேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்பு எழுந்த பின்னரே அது திருத்தப்பட்டது. ஹசலக்கவிலே கப்பற் சுக்கான் படம் அச்சிட்ட சட்டை அணிந்த ஒரு முஸ்லிம் பெண், அதனைத் தர்மச் சக்கரம் என்று பிழையாகக் கொண்ட பொலிசாரினாற் கைதாகி இரண்டு வாரத்துக்கும் மேலாக மறியலில் இருந்தாள்.

அக்காலத்தில் ஒருநாள் காலி வீதியிலே பஸ்ஸொன்றில் நாம் நின்றுகொண்டிருந்தோம். இரண்டு பேர் இருக்கக்கூடிய இருக்கையிலே ஒரு முஸ்லிம் பெண் தனியே அமர்ந்திருந்தாள். பஸ்ஸில் நெரிசல். பக்கத்து இடம் வெறுமையாகவே கிடந்தது. நின்றவர்களிலே தமிழர் பலர். வயதான தமிழ்ப் பெண்களும் இருந்தனர். பாமன்கடைச் சந்தி வரைக்கும் எவரும் அங்கே அமரவில்லை. நாமும் அமரவில்லை. பெண்ணருகே அமரக் கூச்சம் என்று அன்றைக்கு நமக்கு நாமே ஒரு சமாதானஞ் சொல்லிக்கொண்டோம்.

அதற்கு ஓராண்டு முன்னரே, 2018 ஏப்ரலிலே, திருகோணமலையில் ஓர் இந்து மகளிர் கல்லூரியின் வாசலிலே ஆசிரியைகள் அபாயா அணிந்து வருவதை எதிர்த்து ஆர்ப்பாட்டம் நடந்தது. பதாகை பிடித்தவர் தமிழர். தமது பாரம்பரியத்தைக் காப்பதாகவே அவர்கள் மனமார நம்பினர். அந்த ஆசிரியைகள் கற்பித்த பாடம் என்ன, எத்தனை பிள்ளைகளைச் சித்தியடையச் செய்தனர் என்று எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. உடை என்ன என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. ஆசிரியத் தொழிலில் இருப்பவர் என்ற முறையிலே இதனைப் படித்தபோது நமக்கு உண்டான வெட்கம் இன்னும் தீரவில்லை.

*

முஸ்லிம் பெண்ணுக்குக் குறைகளே இல்லை என்றும், அவளை வெளியார் மட்டுமே வருத்துகிறார் என்றும் நாம் வாதாட வரவில்லை. அப்படிச் சொல்வது இன்னொரு படம் வரைவதாகும். 1806 இன் முகம்மதியர் சட்டக்கோவையிலிருந்து 1929 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் வழியாக 1951 இலே முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் உருவாயிற்று. அச்சட்டம் மணவயதுக்கு எல்லை விதிக்கவில்லை. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த சிறுமியாயின் காதியாரின் அனுமதி வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டது. காதியார் பதவி ஆடவர்க்கே. எண்பதுகள் முதலாக முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் இதனைத் திருத்தும்படி கேட்டுவந்தன. 2009 இலே நீதியரசர் சலீம் மர்சூபின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் அறிக்கை வர 2018 ஆயிற்று. ஒன்பது ஆண்டுகள்!

இவ்விடத்திலேதான் படம் வரைபவர்களின் கொடுமை முழுதாகத் தெரிகிறது. தன் சமூகத்துக்குள்ளே நியாயங் கேட்கும் பெண், வெளியாரின் பத்திரிகையிலே அச்சமூகத்தை அடிக்கும் தடியாக்கப்படுகிறாள். அதனைக் காட்டி உள்ளிருப்போர் அவளைத் துரோகி என்கின்றனர். ஏறாவூரைச் சேர்ந்த ஸர்மிளா ஸெய்யித் 2012 இலே ஒரு வானொலிப் பேட்டியிலே சொன்ன கருத்துக்காக மிரட்டப்பட்டார். 2015 இலே அவர் கற்பழித்துக் கொல்லப்பட்டுவிட்டார் என்று பொய்ச் செய்தியும் போலிப் படமும் பரப்பப்பட்டன. உயிரோடிருந்த ஒரு பெண்ணுக்கு ஒரு பிணத்தைப் படமாகப் போட்டனர். அவர் அதற்கு முந்திய ஆண்டிலேதான் 'உம்மத்' என்ற நாவலை வெளியிட்டிருந்தார். போர்க்காலத்துக் கிழக்கிலே தமிழ்ப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் பட்ட பாட்டை ஒருங்கே பேசும் நாவல் அது. சாய்ந்தமருது அனாரின் 'எனக்குக் கவிதை முகம்', பஹீமா ஜஹானின் 'ஒரு கடல் நீரூற்றி' என்னும் தொகுதிகள் வெளிவந்த 2007 ஆம் ஆண்டு போர் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த காலம். ஈழத்துக் கவிதையைக் கற்பிக்கும் எவரும் இன்று இவ்விருவரையும் தவிர்த்துவிட்டுக் கற்பிக்க இயலாது. அனாரின் தொகுதித் தலைப்பிலே 'முகம்' என்ற சொல் வந்திருப்பதை ஒரு மாணவி நமக்குச் சுட்டிக்காட்டினாள்.

அதே மாணவி, நண்பி ஒருத்தியின் மூத்த சகோதரியினுடைய விவாகப் பதிவைக் கண்டு வந்து வேறொன்றும் கேட்டாள். மணமகன் ஒப்பமிட்டார், மணமகளின் தகப்பனார் வலியாக நின்று ஒப்பமிட்டார், சாட்சிகளும் ஒப்பமிட்டனர். "சேர், கலியாணம் அவவுக்குத்தானே? அவ எங்க கையெழுத்து வைக்கிறது?" என்று கேட்டாள். 1951 இலே சட்டம் எழுதியவர்கள் அவளுடைய கையொப்பம் வேண்டும் என்று எழுதவில்லை என்று அவளுக்கு விடை கூறினோம்.